திருப்பும் தேதி

புத்தகம் எதையும் காட்டாமலே பார்கோடு கருவி ‘பீப்’ என்றது.

மதியம் ஒன்றரை மணி. திண்டிவனத்துச் சின்ன நூலகத்தில் வாசகர்கள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தார்கள். மின்விசிறியின் கிறீச்சொலியும் பழங்காகித வாசனையும், அதனூடே எங்கிருந்தோ மெல்ல ஏறிவந்த சேற்று வாடையும்தான் நூலகர் கோகுலகிருஷ்ணனுக்குத் துணை. கணினியை எட்டிப் பார்த்தான். நூற்பட்டியல் மென்பொருளில் இரவல் பக்கம் தானாகத் திறந்திருந்தது.

உறுப்பினர்: மாசிலாமணி.
பொருள்: பச்சைமுத்துவின் முகம்.

திருப்பும் தேதிக் கட்டம் காலி. வழக்கமாகப் பதினைந்து நாள் கழித்து வரும் தேதி தானாகவே விழும்.

பிரதி எடுத்துத் தரச் சொல்லி, காணை கிராமத்திலிருந்து அமலா துணியில் சுற்றிக் கொண்டுவந்த போட்டோ நினைவுக்கு வந்தது. பர்மா யுத்தத்தில், முழங்கால் சேற்றில், அடிபட்டவனைக் கிடத்திய ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைத் தூக்கி நிற்கும் அவளுடைய தாத்தா மாசிலாமணி. அவரைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே படம். கோகுலகிருஷ்ணன் அதை ஸ்கேன் செய்து, அவர் முகத்தை அழித்து, தன் தாத்தா பச்சைமுத்துவின் முகத்தை அங்கே பொருத்தினான். கடைக் கல்லாவைத் தாண்டி எங்கும் போகாத மனுஷர் யுத்த வீரராகிவிட்டார்! அசலை எரித்துவிட்டு, “தொலைஞ்சிபோச்சிம்மா” என்று வாய் கூசாமல் சொன்னான். இன்று மாலை விழுப்புரம் கண்காட்சியில் படத்திறப்பு. ஒரு மண்டபத்துக்கே பச்சைமுத்துவின் பேர் வைக்கிறார்கள்.

திறப்புக்காகச் சட்டம் போட்டு மேஜைமேல் வைத்திருந்த படத்தைத் திருப்பினான். பச்சைமுத்துவின் முகம் இருந்த இடத்தில் வழவழவென்று சேறு.

பதிவை அழித்தான். மறுபடி வந்தது. அழித்தான். வந்தது.

பீப்.

பொருள்: கோகுலகிருஷ்ணனின் குரல்.

கத்தினான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. செருப்புக்குள் சில்லென்று ஈரம். குனிந்து பார்த்தான். சேறு. கணுக்கால்வரை.

பீப்.

பொருள்: கோகுலகிருஷ்ணன்.

“சார்... இருக்கீங்களா சார்?”

அமலா. வாராவாரம் வந்து படத்தைக் கேட்டுப் போகிறவள், இன்றும் வந்துவிட்டாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கையாட்ட நினைத்தான். கை அசையவில்லை. மல்லாந்து கிடந்தான். முதுகுக்குக் கீழே ஈரத் துணி. மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி.

“கதவத் தெறந்து போட்டுக்கினு எங்க போனாரு?”

கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் பெரிதாகக் குனிந்தது. கண் கலங்கியது.

“ஐயோ, எங்க தாத்தா! தொலைஞ்சிபோச்சின்னாரே, பாவி மனுஷன்...”

கட்டைவிரலால் மாசிலாமணியின் முகத்தைத் தடவினாள். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள்.

“படுத்துக்கினு இருக்கிறவனுக்கு மூஞ்சியே இல்லியே. யாரு பெத்த புள்ளையோ.”

படத்தைத் துணியில் சுற்றினாள். இருட்டு.

ஸ்ட்ரெச்சர் லேசாக அசைந்தது. முன்னால் நின்றவர் மெல்லத் தலையைத் திருப்பினார். எரித்த முகம். சாம்பல் உதிர்ந்தது. அவனையே பார்த்தார்.

பிறகு, அவசரமே இல்லாமல், கைப்பிடியைச் சேற்றை நோக்கிச் சாய்த்தார்.