நீரேரியில் ஏறிய அம்மா

மணற்காட்டுச் சவுக்கந்தோப்பைத் தாண்டி நீரேரிக் கரையில் அந்த வான் வண்டி வந்து நின்றபோது வெயில் தணியத் தொடங்கியிருந்தது. அதை வான் என்பதிலும் சக்கரம் பூட்டிய சிறு வீடு என்பதே பொருத்தம். உள்ளே ஒரு கட்டில், ஓர் எரிவாயு அடுப்பு, குழாயோடு கூடிய சின்னத் தொட்டி. கூரையில் தண்ணீர்த் தாங்கி. அதன் பக்கத்தில் இரண்டு பேர் இருந்து துடுப்பு வலிக்கக்கூடிய மஞ்சள் கயாக் படகு ஒன்று கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது.

கொக்குவிலிலிருந்து மயூரதனும் அவன் மனைவி சுபாஜினியும் அன்று காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தார்கள். மணமான பின் அவர்களுக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அது. முற்பகல் முழுவதும் மணற்குன்றுகளில் ஏறி இறங்கினார்கள். ஏறும்போது அவன் கை கொடுத்தான். இறங்கும்போது அவள் சறுக்கிக்கொண்டே சிரித்தாள். தன் வாழ்க்கையில் இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றுகூட அவளுக்கு அப்போது தோன்றியது.

"உந்தப் பிளாஸ்டிக் தோணியிலை நான் ஏறமாட்டன்," என்றாள், அவன் கயாக்கைத் தண்ணீரில் இறக்கியபோது.

"உம்மை ஏத்தினால் தண்ணிக்கை தாண்டு போகுமெண்டுதான் எனக்கும் பயம்."

"முதல் உங்கடை வயித்தைப் பாத்திட்டுக் கதையுங்கோ!"

"சரி, சரி. அந்தக் கண்டல் மூலை மட்டும் போயிட்டு உடனை வாறன். தேத்தண்ணியை வையும்."

துடுப்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விலகியது. மஞ்சள் நிறம் சிறுத்துக் கண்டல் மரங்களின் கறுப்புக்குள் மறைந்தது.

கரையோரம் ஒரு கொக்கு நின்றிருந்தது. கதைகளில் வரும் கொக்குகள் மீனை ஏமாற்றுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தவம் செய்யும். இந்தக் கொக்கோ கண்ணை மூடவில்லை. கண்டல் மூலையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, பக்கத்தில் வந்த மீனையும் கொத்தாமல், சட்டென்று எழுந்து பறந்தது. அதன் பின்னால் நீரேரியிலிருந்த அத்தனை பறவைகளும் எழுந்து போயின.

அதன் பிறகு ஓர் ஒலியும் இல்லை.

காற்று ஒரு மணத்தைக் கொண்டுவந்தது. சேற்றின் நாற்றம்தான். ஆனால் அதனோடு, பெட்டிக்குள் நெடுங்காலம் மடித்து வைத்த கூறைச் சேலையின் பூச்சியுருண்டை மணமும் கலந்திருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்த சுபாஜினி, கயாக் திரும்பி வருவதைக் கண்டாள். நெஞ்சில் எழுந்த நிம்மதி ஒரு கணமும் நிலைக்கவில்லை. படகு வந்த விதம் சரியாக இருக்கவில்லை. மயூரதன் பின்னிருக்கையில் இருந்தான். அப்படியானால் பின்பக்கம்தான் தாழ்ந்திருக்க வேண்டும். அது தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றது. முன்பக்கம் விளிம்புவரை அமிழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு வந்தது.

முன்னிருக்கையில் எவரும் இல்லை.

அவன் அந்த இருக்கையோடு பேசிக்கொண்டு வந்தான்.

"ஓமம்மா... இல்லை, எங்களுக்கு ஒரு கரைச்சலுமில்லை... இந்தா, கரை வந்திட்டுது."

முதலில் தான் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, வெறுங்காற்றுக்குக் கை கொடுத்தான். "பாத்து இறங்குங்கோ. சறுக்கும்." அடுத்த கணம் படகின் முன்பக்கம் விடுபட்டதுபோல் துள்ளி மேலே எழுந்தது.

"ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள் சுபாஜினி.

"மெல்லக் கதையும், அம்மாவுக்குக் கேக்கப்போகுது." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "பாவம், ஆரோ ஒரு அம்மா, கண்டலுக்கை தனிய நிண்டவ. பொழுதும் படுகுது. வானிலை கொண்டுபோய் விடுவம்."

"எங்கை போக வேணுமாம்?"

"உமக்கென்ன விசரே? வெளிக்கிட்ட ஆளிட்டை எங்கையெண்டு ஆரும் கேக்கிறதே? தூரமோ எண்டு கேட்டனான். கிட்டத்தான் எண்டவ."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது தெரிந்ததுதான். வழிக்குப் புறப்பட்டவரிடம் எங்கே என்று கேட்டால் அந்தப் பயணம் தடைப்படும் என்பார்கள். ஆகையால் தூரமோ என்று கேட்டு அவ்வளவில் நிறுத்திக்கொள்வது மரியாதை. மயூரதனை அவனுடைய தாய் அப்படித்தான் வளர்த்திருந்தாள். அந்த நல்ல வளர்ப்பே அவனுக்கு வினையாயிற்று. ஏறுகிறவள் எங்கே இறங்குவாள் என்று அறியாமலே அவளை அவன் ஏற்றிவிட்டான்.

சுபாஜினி அவன் கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "வேண்டாம், இஞ்சாருங்கோ, நாங்கள் மட்டும் வீட்டை போவம்," என்று கெஞ்சினாள். அவன் அதற்குள் வானின் பக்கக் கதவைத் திறந்து விட்டிருந்தான். படி கிரீச்சிட்டது. வான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னர் மெல்ல நிமிர்ந்தது.

தான் ஏறாவிட்டாலும் அவன் போய்விடுவான் என்பது அவளுக்கு விளங்கியது. ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டாள்.

வீதிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வான் திரும்பவில்லை.

"நேரையோ அம்மா? ஓம், ஓம்."

கரைமணல் சக்கரங்களின் கீழ் நொறுங்கியது. பிறகு அந்த ஒலி மாறிற்று. தண்ணீர் சலசலத்தது.

"தண்ணிக்கை இறங்குது! நிப்பாட்டுங்கோ!"

"தெரியும் சுபா. கிட்டத்தான்."

வானை நிறுத்த, அவள் திறப்புச் சாவியைத் திருகப் பார்த்தாள். அவனுடைய இடக்கை அதன் மேல் வேர்போல் இறுகியிருந்தது. கதவின் இடுக்கால் தண்ணீர் உள்ளே வந்து அவள் பாதங்களை நனைத்தது. முகப்பு விளக்குகள் நீருக்கடியில் பச்சையாக எரிந்தன. பூச்சியுருண்டை மணம் பிடரிக்குப் பின்னால், மிக அருகே வந்து நின்றது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை இழந்துவிடுவாள்.

அப்போதுதான், பிறந்த நாள் தொட்டுக் கேட்காதே, கேட்காதே என்று பழக்கப்பட்ட அந்தக் கேள்வி அவள் நாவுக்கு வந்தது. வெறுங்கட்டிலைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கை போறியள்?"

இயந்திரம் நின்றது.

பின்னால் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். கோபமில்லை. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது குழந்தை தும்மிவிட்டால் பெரியவர்கள் விடும் மூச்சுப்போல, சற்றுச் சலிப்பு மட்டும் அதில் இருந்தது.

"என்ன சுபா இது? ஏன் தண்ணிக்கை நிக்கிறம்?" மயூரதன் விழித்துக்கொண்டவன்போல் நடுங்கினான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆனால், தடைப்பட்ட பயணத்துக்கும் ஒரு முறை உண்டு. திரும்பி வந்து, சற்றே ஆறியிருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் புறப்பட வேண்டும்.

பின்னால், தொட்டிக்கு மேலிருந்த குழாய் திறந்தது.

யாரோ ஆற அமரத் தண்ணீர் குடித்தார்கள்.

மீன்பிடிகாரர் சிலர் உழவு இயந்திரத்தால் வானை இழுத்து வெளியே எடுத்தார்கள். கொக்குவிலுக்கு வந்து சேர்ந்ததும் அதை வீட்டு வளவின் மூலையில் நிறுத்திப் பூட்டினார்கள். கண்டல் மூலைக்குப் போனது மட்டுமே மயூரதனுக்கு நினைவிருந்தது. மறுநாள் அந்தியில், உடுத்து, தலைவாரி, திறப்பும் கையுமாக அவன் முற்றத்தில் இறங்கினான்.

"அம்மா வெளிக்கிட்டிட்டா. கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

சுபாஜினி ஓடிப்போய் வாசற் படலையை மறித்து நின்று கேட்டாள். "எங்கை போறியள்?" அவன் நின்றான். கண் தெளிந்தான். பூட்டிய வானுக்குள் குழாய்ச் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அந்தி நேரத்தில் அவள் வீட்டைவிட்டு அசைந்ததில்லை. ஒருமுறை திறப்பைக் கிணற்றுக்குள் எறிந்து பார்த்தாள். பொழுது சாய்ந்தபோது அது ஈரம் சொட்டச் சொட்ட அவன் கையில் இருந்தது. வானை விற்கலாமென்று ஆள் தேடினாள். உரும்பிராயிலிருந்து மார்க்கண்டு என்றொருவர் வந்து, கண்ணாடியூடாக உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ளுக்கை அம்மா படுத்திருக்கிறா போலை. எழுப்ப வேண்டாம். நான் பிறகு வாறன், தங்கச்சி."

அவர் பிறகு வரவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்துவிட்டு வந்தவள், மயூரதன் முற்றத்தில் இறங்குவதைக் கண்டு வழக்கம்போலப் படலைக்கு ஓடினாள். கேட்டாள். அவனும் நின்றான்.

குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

அவள் காத்திருந்தாள். வளவெங்கும் சேற்று மணம் பரவியது. பூட்டிக் கிடந்த வானின் பக்கக் கதவு, எண்ணெய் போட்டதுபோல் ஓசையின்றி விலகிற்று. உள்ளேயிருந்து, நல்ல குடும்பத்துப் பெண்ணொருத்தியின் அன்பு ததும்பும் குரல் மெல்ல வந்தது.

"எத்தினை நாளைக்குத்தான் மறிப்பாய், பிள்ளை? உவன் தனியப் போறான் எண்டுதானே உனக்குப் பயம்? நீயும் ஏறன்."

ஏறமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னதாகவும் அவளுக்கு நினைவு. ஆனால் கையில் படலையின் மரம் தட்டுப்படவில்லை.

வானின் படியில் ஒரு கால் ஏறி நின்றது. குனிந்து பார்த்தாள்.

மெட்டி அவளுடையது.