இருபது டேப் தூரம்

"ஏணியை எடுங்கன்னு சொல்றேன்…"

"எடுக்கறேன்னுதான் நானும்…"

"என் நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கு."

"டியூப்லைட்டு கையில இருக்குங்க, ரெண்டு கையும் மேல…"

"அப்ப அதோட இறங்குங்க."

"இறங்கினா விழுந்துடும். நீங்க கொஞ்சம் சுத்திப் போனா…"

"சுத்திப் போறதா? ஒரு தடவை என்னைப் பாருங்க, ஒரு தடவை இந்தச் சுவத்தைப் பாருங்க. பாத்துட்டு, வழி எங்க இருக்குன்னு சொல்லுங்க."

ஏணி மேல் நின்றவர் பார்த்தார். சுவரை அல்ல, அவளை. கோபத்தில் சிவந்த முகம், நெற்றியில் ஒட்டிய முடி, அதற்குக் கீழே… அப்பப்பா, என்ன கண்கள். மழைக்கு முந்திய வானம் மாதிரி, எந்த நிமிஷமும் கொட்டிவிடும் கண்கள். டியூப்லைட்டோடு அப்படியே இறங்கிவிட்டார். எப்படி இறங்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"இது செல்லாது," என்றாள் நடைப்பயிற்சி தரும் பிசியோ, கடிகாரத்தை நிறுத்தி. பார்க்க விரலளவு இருக்கும் பெண். குரல் மட்டும் ஆளை எழுப்பி உட்கார வைக்கும். "அரை மணி உக்காருங்க. மறுபடி ஆரம்பிக்கலாம். ஏணியும் ஏணிக்காரரும் சுவத்தோரம்."

அன்றைக்கு அவருக்கு வாய்த்த பெயர் அதுதான். ஏணிக்காரர். ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன்.

அவள் தையல்காரி. வயது முப்பத்தேழு. வீட்டுப் பின்னறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே பதினைந்து வருஷம் ஓடியிருந்தது. உடம்பு கனத்தது, நடை சுருங்கியது. வாசலில் இருந்து தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, எதையோ மறந்த மாதிரி கைப்பையைத் துழாவி, மூச்சைச் சேகரித்துக்கொண்டு போவாள். பையில் எதுவும் மறந்திருக்காது.

இப்போது ஒரு கடை வந்திருந்தது. வண்டி நுழைய முடியாத குறுகலான சந்தின் கோடியில், நல்ல வெளிச்சமான ஓர் அறை. மூன்று மாதம் பொறுக்கிறேன் என்று கடையின் சொந்தக்காரி சொல்லியிருந்தாள். ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டாவது கையெழுத்து வேண்டும். அதைப் போட வேண்டியவன் அண்ணன்.

"பஸ் நிக்கிற இடத்துல இருந்து உள்ள நானூறு மீட்டர்," என்றான் அண்ணன். "நடு வழியில நின்னுட்டேன்னா யாரு வந்து பாக்கறது? நான் வேண்டாம்னு சொல்லலை. ஆஸ்பத்திரியில அந்த மூச்சுப் பயிற்சிக்குப் போறியே, அங்க ஆறு நிமிஷ நடை டெஸ்டு இருக்காமே… அதுல நானூறு வந்துட்டு வா. கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன்."

ஆறு நிமிஷ நடை என்பது இதுதான். தாழ்வாரத்தில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஒரு சுற்று. மறுபடி திரும்பி, இப்படியே ஆறு நிமிஷம். முடிந்தால் நடக்கலாம், முடியாவிட்டால் நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. கூட யாரும் நடக்கக் கூடாது, கைதட்டக் கூடாது. பிசியோ கூட நிமிஷத்துக்கு ஒரு தரம், "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அன்று இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்தாவது சுற்றில், கூம்புக்கு மூன்றே மீட்டர் இருக்கும்போது மூச்சு நின்றுவிடும் போலாகி, சுவரில் கை வைத்துவிட்டாள். அங்கேயே ஆறாவது நிமிஷமும் முடிந்தது.

"பூஜ்யம்னா மூச்சு வாங்கவே இல்ல. பத்துன்னா தாங்க முடியல. இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள் பிசியோ.

"எட்டு."

சொல்லும்போதே கண் நிறைந்தது. அந்தச் சுவரோரம்தான் ஏணியை அணைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்…

பயிற்சி செவ்வாய், வெள்ளி. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. இரண்டு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் நிதானம் என்று மாற்றி மாற்றி நடப்பது.

"எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று இரண்டாம் வாரமே கேட்டாள் தையல்காரி.

"நான் அதைப் பாக்கலையே. நீங்க நடக்கறது லேசாகுதா, அதைத்தான் பாக்கறேன். எழுந்திருங்க, இன்னும் அஞ்சு தடவை."

செவ்வாய், வெள்ளிகளில் அந்தத் தாழ்வாரத்து விளக்குகளுக்கும் ஏதோ ஆகிவிடும்.

"இந்த லைட்டு போன வாரந்தானே மாத்தினீங்க?"

"ஆமா. இன்னிக்குத் துடைக்கிறேன்."

"எரியற லைட்டையா?"

"எரியாததைத் துடைச்சா யாருக்குத் தெரியும்?"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். மூச்சை ஒழுங்கா விடு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சிரிப்பு, மூச்சோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர் தேநீர் குடிக்கும்போது, இவள் ஓய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கடையைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் கேட்ட நானூறைச் சொன்னாள். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே தனக்கு நாற்பது வந்துவிட்டதை அவர் சொன்னார். "நீங்க அளவெடுத்தா கரெக்டா இருக்குமா?" என்று கேட்டார்.

"கண்ணாலயே எடுப்பேன். உங்க சட்டையில வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அந்தத் தோளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஆறாவது வாரம் இடைத் தேர்வு. பதின்மூன்று சுற்று, அதற்கு மேல் பன்னிரண்டு மீட்டர். பிசியோ கூட்டினாள். நானூற்று இரண்டு.

தாழ்வாரமே சுழன்றது அவளுக்கு. ஏணிக்காரரைத் தேடினாள். தூரத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். வேலை போலிருக்கிறது… என்று நினைத்தாள். ராத்திரி அண்ணியிடம் சொன்னாள், அண்ணனிடம் சொன்னாள். "நிஜமாவா?" என்று அவன் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஒரே மாதிரி பதில் சொன்னாள்.

இளம் பெண்ணாட்டம் ஓர் ஆசை வந்தது அவளுக்கு. முன்பு கூம்புக்குக் கூம்பு ஐம்பது எட்டு எடுத்து வைப்பாள். தையல்காரிக்கு எண்ணாமல் இருக்க வராது. இப்போது நாற்பத்தைந்துதான். எட்டு நீண்டிருக்கிறது… எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டாமா? பின்னறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நடந்து, டேப்பை வைத்து அளந்தாள்.

அறுபது சென்டிமீட்டர். பழைய எட்டேதான். ஒரு நூல் கூடக் கூடவில்லை.

அளவு பொய் சொல்லாது. எட்டு நீளவில்லை என்றால்…?

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னாலேயே வந்து, தாழ்வாரத்தில் மெதுவாக முழங்காலிட்டாள். நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து பழகிய கால்கள், ஒத்துழைத்தன. ஒன்றரை மீட்டர் டேப். ஒன்று, இரண்டு, மூன்று… முப்பது மீட்டருக்கு இருபது டேப் வர வேண்டும். பதினெட்டோடு கூம்பு வந்துவிட்டது. கூம்பின் அடியில் இருந்த அடையாளமும் பிசியோ ஒட்டும் வெள்ளைப் பட்டை இல்லை. ஒயரில் சுற்றுவார்களே, அந்தக் கறுப்புப் பட்டை.

"தரையைத் தேய்ச்சுக் கழுவினப்போ பழைய அடையாளம் போயிடுச்சு," என்றாள் பிசியோ, முகம் வெளிறி. "டெஸ்டுக்கு முன்னாடி, அவர்கிட்டதான் ஒட்டச் சொன்னேன்…"

அவரே வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருகினார்.

"தெரியாம ஒட்டிட்டீங்களா?" என்றாள் தையல்காரி. ஆமாம் என்று சொல்லிவிடு என்று உள்ளே ஒரு மனசு கெஞ்சியது.

"இல்ல. தெரிஞ்சுதான்." அவர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு மூணு மீட்டர்ல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அந்த மூணு மீட்டர் இல்லாம இருந்தா, உங்க கண்ணுல தண்ணி வந்திருக்காது. அதான்…"

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"சட்டையில மூணு இஞ்சு கூட்டித் தச்சுட்டு, அளவுச் சீட்டுல மட்டும் பழைய நம்பரை எழுதி, 'பாருங்க, இளைச்சுட்டீங்க'ன்னு நான் சொன்னா… அதுக்குப் பேரு என்ன?"

அவர் குனிந்து அந்தக் கறுப்புப் பட்டையை உரித்தெடுத்தார்.

"எங்க அண்ணன்கிட்ட நானூற்று ரெண்டுன்னு சொல்லிட்டேன். மூணு தடவை கேட்டான், மூணு தடவையும் சொன்னேன்."

"எனக்கும் அன்னிக்கு நடந்த ஆறு பேரோட கணக்கு போச்சு," என்றாள் பிசியோ. "அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு நடக்க வைக்கணும். போங்க, போய் ஸ்டீல் டேப் கொண்டு வாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

பதின்மூன்று சுற்றை இருபத்தேழால் பெருக்கி, பன்னிரண்டைக் கூட்டினால் முந்நூற்று அறுபத்து மூன்று. அன்று சாயங்காலமே அண்ணன் முன்னால் போய் நின்று அதைச் சொன்னாள். எப்படி என்பதையும் சொன்னாள், அழாமல்.

அதற்குப் பிறகு தாழ்வாரத்து விளக்குகள் எல்லாம் ஒழுங்காகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஏணி இல்லை. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், படி ஏறினாள், இறங்கினாள். யாருக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டாள். கோடியில் ஒரு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று துடித்தது. ஒரு வாரம்… இரண்டு வாரம்…

"அதை மாத்த ஆள் இல்லையா?" என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டாள்.

"நீங்க இருக்கிற நாள்ல வர மாட்டேங்கறார்," என்றாள் பிசியோ. "நீங்க இல்லாத நாள்ல மறந்துடறார்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்ட நிமிஷமே, தெரிஞ்சுதான் என்றவர்… படி ஏறும்போது அதை நினைத்தாள். இறங்கும்போதும் நினைத்தாள்.

"கடைசி டெஸ்டு அன்னிக்கு வரச் சொல்லுங்க," என்றாள். "அந்தச் சுவத்தோரம் நிக்கட்டும். முழு முப்பது மீட்டரையும் பாக்கட்டும்."

பன்னிரண்டாவது வாரம், வெளியே மழை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் நடந்தாள். ஐந்தாவது சுற்று, எட்டாவது சுற்று… "நல்லா நடக்கறீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு." மூச்சு ஏறியது. பத்தாவது சுற்றில் அதே சுவர், அதே மூன்று மீட்டர். கை சுவருக்குப் போகப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு இறுகி, கண் நிறைந்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தார் மனிதர். அவள் கையை இறக்கினாள். கூம்பைச் சுற்றித் திரும்பினாள். இன்னும் மூன்று சுற்று போனாள்.

"முந்நூற்றுத் தொண்ணூற்று ஒண்ணு," என்றாள் பிசியோ. "ஒரு இடத்துல கூட நிக்கல. மூச்சு எவ்வளவு?"

"அஞ்சு."

ஒன்பது மீட்டர் குறை. அந்தக் காகிதத்தை அப்படியே கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் வாங்கிப் படித்தான். "மீதி ஒம்பது மீட்டருக்கு என்ன பண்ணுவ?"

"நின்னு மூச்சு விட்டுட்டுப் போவேன். பைக்குள்ள துழாவ மாட்டேன். நேரா நிப்பேன்."

"ம்." பேனாவைத் தேடினான். "நானூற்று ரெண்டுன்னு சொல்லிட்டு, நீயே வந்து இல்லைன்ன பாரு… அன்னிக்கே போட்டிருக்கணும் நான். எங்க போடணும், காட்டு."

முதல் நாள் கடை திறக்கப் போகும்போதும் மழை விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் விளக்குப் பெட்டியுமாக ஏணிக்காரர் நின்றிருந்தார். பிசியோ வாய் சும்மா இருக்குமா, சொல்லியிருப்பாள்.

"கடைக்கு லைட்டு போடணும்னாங்க… வேற ஆள் பாத்துட்டீங்கன்னா…"

"பாக்கல."

சந்தில் நடந்தார்கள். குடையை அவள் பக்கம் சாய்த்து, தன் வலது தோளை முழுக்க நனைத்துக்கொண்டு வந்தார். அரை இஞ்சு இறங்கிய அதே தோள். அவள் வேகத்துக்கு அவர் நடந்தார். ஓர் எட்டு முந்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சுவர்களில் மழை வழிந்தது. கடைக் கதவு தெரிந்தது… இன்னும் பத்து மீட்டர் இருக்கலாம். அவள் நின்றாள். பையைத் துழாவவில்லை.

அவரும் நின்றார். இதோ வந்துடுச்சு என்று சொல்லவில்லை. கொஞ்சந்தான் என்று சொல்லவில்லை. கதவைக் கூடப் பார்க்கவில்லை. குடைக் கம்பியில் இருந்து சொட்டும் நீரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, மெல்ல, பிசியோ கேட்பது போலவே கேட்டார்.

"பத்துக்கு எவ்வளவு வாங்குது மூச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் இன்று மேகம் இல்லை. கழுவி விட்ட வானம் மாதிரி இருந்தன.

"பத்து," என்றாள். "நடந்ததுக்கு நாலுதாங்க… மீதி ஆறு, நீங்க பக்கத்துல நிக்கறதுக்கு."