அறுபத்து நாலும் பாஸ்!

ட்ரிங்... ட்ரிங்...

அமரவிளை. 1998, நவம்பர். காலை ஒன்பது பத்து.

உரக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில், தன்யா ரிசீவரை எடுத்தாள்.

"மக்கா... தன்யா..."

அம்மா சரசம்மா. பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசினாள். மூச்சு வாங்கியது.

"அக்காளை போலீஸ் பிடிச்சோண்டு போயாச்சு!"

"எந்தா? எதுக்கு?"

"ஊசி கூடுதலாப் போட்டு ஆளைக் கொன்னுட்டாளாம்!"

ரிசீவர் நழுவி மேஜையில் விழுந்தது.

தன்யாவின் அக்காள் ஸ்ரீகுமாரி, பாறசாலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினோரு வருட சர்வீஸ். அவளா கொன்றாள்?

தன்யா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதற்குள், கீழே ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் இன்ஸ்பெக்டர் சுந்தரதாஸ். கையில் ஒரு டேப் கேசட்.

பின்னால் இறங்கியவர் டாக்டர் விஜயதாஸ். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. முகத்திலும்தான்!

"இங்க ராபின்சன் ஆரு?"

"நான்தான் ஸாரே." கம்பெனி முதலாளி ராபின்சன் வேட்டியை இறக்கி விட்டபடி ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாணுன்னு ஒரு பேஷண்ட். நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு செத்தாச்சு. ஒரு மில்லி போட வேண்டிய மருந்தை நர்ஸ் பத்து மில்லி போட்டிருக்கா. கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னுதான் அடிச்சேன்னு டாக்டர் பறயாரு. பத்துன்னுதான் இருந்துன்னு நர்ஸ் பறயா. சந்தேகம் தோணி டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டாளாம். கம்ப்யூட்டர்ல உள்ளதைச் செய்யின்னு சத்தம் போட்டு வச்சாராம்."

"பச்சைப் பொய்!" என்றார் டாக்டர், நிதானமாக.

"மருந்து அளவை அச்சடிச்ச சீட்டு எங்கே?" ராபின்சன் கேட்டார்.

"காணல்ல. கம்ப்யூட்டரைப் பாக்கலாம்னா, அஞ்சு மணிக்கு அதுவும் மொத்தமா அழிஞ்சு கிடக்கு."

"வைரஸ்," என்றார் டாக்டர்.

"அப்பதான் நர்ஸ் இந்த டேப்பைப் பத்திப் பறஞ்சா. 'எனக்க தங்கச்சி டெஸ்ட் பண்ணின சாதனமாக்கும் ஸாரே, அது காப்பாத்தும்'னு." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஆரு தங்கச்சி?"

"நான்தான்..." தன்யா முன்னால் வந்தாள்.

"அப்ப நீ கீபோர்டைத் தொடப்பிடாது. கோர்ட்டுல கேள்வி வரும். ராபின்சன் அடிக்கட்டும். நீ வாயால பறஞ்சா போதும்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சொந்த அக்காளுக்காக ஒரு பட்டனைக்கூட அழுத்தக் கூடாது!

ஆனாலும் தன்யாவுக்கு நம்பிக்கை இருந்தது.

அந்தக் கம்பெனி செய்வது ஒரே ஒரு சாஃப்ட்வேர். பேக்கப். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் டேப்பில் நகல் எடுக்கும். கம்ப்யூட்டர் செத்தாலும் டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு விடலாம்.

அதைச் சோதிப்பது தன்யாவின் வேலை. பாதியில் கரண்ட் போனால்? டிஸ்க் நிரம்பினால்? டேப்பை யாராவது உருவினால்? இப்படி அறுபத்து நான்கு சூழ்நிலைகளை எழுதி வைத்திருந்தாள். சோதனைக் கம்ப்யூட்டர் தினமும் காலையில் தானாகவே அத்தனையையும் நடத்திப் பார்க்கும்.

ஒரு மாதமாக அறுபத்து நாலும் பாஸ்!

"டாக்டர் எத்தனை மணிக்கு ஆர்டர் அடிச்சாரு ஸாரே?"

"பதினொண்ணரை."

அப்படியானால் பன்னிரண்டு மணி டேப்பில் அது இருந்தே தீர வேண்டும்!

ராபின்சன் டேப்பைச் செருகினார். மோட்டார் முனகியது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

டாக்டர் ஜன்னலோரம், பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து திரை தெரியாது; ரோட்டு லாரி இரைச்சலில் பேச்சும் சரியாகக் கேட்காது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

டக்!

மோட்டார் நின்றது. ராபின்சன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளே..." கிசுகிசுத்தார். "சைபர்."

"எந்தா?"

"ஒரு ஃபைலும் இல்ல. டேப்புக்க மேல பேரு மட்டும் எழுதியிருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல!"

தன்யா குனிந்து திரையைப் பார்த்தாள்.

"இருக்காது ஸாரே... இன்னைக்குக் காலையிலயும் பாஸ் ஆச்சுதே! அந்த ரிப்போர்ட்டை அச்சடியுங்கோ. எங்க பிழைச்சுன்னு பாக்கணும்."

கர்ர்ர்... கர்ர்ர்... பிரிண்டர் இரைய ஆரம்பித்தது.

"முதல் டெஸ்டைத் திறங்கோ. இன்னும் கீழ... இன்னும்..."

திரையில் அவள் எழுதிய வரிகள் ஏறின. நகல் எடு. அசலை அழி. டேப்பிலிருந்து மீட்டெடு. ஒப்பிட்டுப் பார்.

தன்யாவின் கண் இரண்டாவது வரியில் நின்றது.

'அசலை அழி' என்ற கட்டளைக்கு முன்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கள். ஆர், ஈ, எம். அந்த மூன்றும் முன்னால் இருந்தால், கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.

எழுதியது அவளேதான்!

போன மாதம் ஒரு நாள். மணிக்கு மூன்று தடவை கரண்ட் போனது. அழித்த அசலைத் திரும்ப உண்டாக்க ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம். இன்னைக்கு மட்டும் இருக்கட்டும் என்று அறுபத்து நாலு டெஸ்டிலும் அந்த மூன்று எழுத்தைப் போட்டாள்.

மறந்தாள்.

அடுத்த வாரமே பேக்கப் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. அதில் ஏதோ பிழை; டேப்பில் ஒன்றுமே எழுதவில்லை. ஆனால் அசல் அழியாமல் அப்படியே இருந்ததால், ஒப்பிட்டபோது எல்லாம் சரியாக இருந்தது. இல்லாத நகலுக்கு, தினமும் பாஸ்!

"ஸாரே, என்னாலயாக்கும்..." அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்க அக்கா என்னை நம்பிப் பறஞ்சா ஸாரே... நானே அவளை ஜெயில்ல கொண்டு தள்ளிட்டேன்..."

ராபின்சன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மணியைப் பார்த்தார். "மூணு மணிக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டுல அவளை ஆஜராக்கணும். வேற வழி ஒண்ணும் இல்லியா?"

"இல்ல ஸாரே," என்றார் ராபின்சன்.

கீழே லாரிகள் உறுமிக்கொண்டு போயின. தன்யா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் என்ன சொல்வாள்? அக்காளின் முகத்தில் எப்படி விழிப்பாள்?

கர்ர்ர்... கர்ர்ர்... ஜன்னலோரம் காகிதம் இறங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டர் விஜயதாஸ் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் இவர்கள் பேசியது ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

நகல்: பாஸ். மீட்டது: பாஸ். ஒப்பிட்டது: பாஸ்.

பாஸ்... பாஸ்... பாஸ்...

பிறகு தரையில் உட்கார்ந்து அழுகிற தன்யாவைப் பார்த்தார். அக்காள் தப்பித்த சந்தோஷ அழுகை என்று நினைத்தாரோ என்னவோ! முகம் சாம்பலாயிற்று. எழுந்து வந்தார்.

"இன்ஸ்பெக்டர்... கிட்டியாச்சு, இல்லியா?"

"டாக்டரே, டேப்புல..." ராபின்சன் வாயைத் திறந்தார்.

"மிண்டாதடே!" இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் இறங்கியது. கண் மட்டும் டாக்டரை விட்டு அகலவில்லை. "கிட்டியாச்சு டாக்டரே. நீங்களே பறயுங்கோ, கேக்கட்டு."

"வேணும்னு செய்யல்ல!" டாக்டரின் குரல் உடைந்தது. "விரல் தவறி ஒரு சைபர் கூடிப் போச்சு. அவ போன் பண்ணினப்போ ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போற அவசரம். சத்தம் போட்டுட்டேன்... ஆளு செத்தப்புறம்தான் பாத்தேன். பத்து!"

"சீட்டு?"

"கிழிச்சுப் போட்டேன்."

"வைரஸ்?"

"...நான்தான் அழிச்சேன். இந்தப் பாழாப்போன டேப்பை மறந்துட்டேன்!"



தன்யா எழுந்து நின்றாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, இந்தத் தடவை சத்தமாகவே அழுதாள்.

"மோளே," இன்ஸ்பெக்டர் டேப்பை உருவி, உறையில் போட்டார். "அம்மைக்கு போன் போடு. அக்காளைக் கூட்டிட்டுப் போக ஆளு வரட்டும்." டாக்டர் பக்கம் திரும்பினார். "வாரும் ஓய். இனி டேப்புல உள்ளதையும் நீரு அறியணுமே. ஒரு மண்ணும் இல்ல!"

டாக்டரின் வாய் பிளந்தது. பிளந்தபடியே ஜீப்பில் ஏறினார்.

ராபின்சன் படி வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"ஸாரே! ஸாரே! டேப்புல ஒண்ணும் இல்லன்னு வெளியில ஆருக்கிட்டயும் பறஞ்சிராதீங்கோ... இனியும் எட்டு ஆஸ்பத்திரிக்கு வித்திருக்கேன்!"