நாலாம் நம்பர் எங்கே?

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள்.

"வா. உள்ள வா. சோறு ஆறிப்போகுது பாரு."

கரண்ட் போன சாயங்காலம் அது. அபிராமி பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் இருப்பது மருதம்மாள் அத்தை மட்டும்தான். அவளைத் தேடி யாரும் வந்ததே இல்லை. அப்படியென்றால் யாரைக் கூப்பிடுகிறாள்?

பதில் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பதில் வந்தது போலவே அத்தை சிரித்தாள்.

அபிராமி சுவரோரம் நகர்ந்தாள். மெல்லச் சுவரை மூன்று முறை தட்டினாள். பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக்.

மறுநாள் அவள் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"பனியன் கம்பெனியில பத்து மணி நேரம் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்துல என்னத்தப் பேச முடியும்?" என்றாள் அத்தை. "பேசாம வச்சதெல்லாம் சாயங்காலம் வெளிய வருது. ஊர்ல இருக்குற என் தங்கச்சி எதுத்தாப்புல உக்காந்திருக்கான்னு நெனச்சுக்குவேன். பயந்துட்டியா?"

"கொஞ்சம்."

"நானுந்தான். சுவரு தட்டுதேன்னு."

அபிராமி கேட்டாள், தெரிந்துகொண்டாள். தெருவில் வேறு யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பேய் என்றார்கள். அந்தப் பேச்சு எப்படியோ டி.வி. வரை போனது. 'இருள் மேடை' நிகழ்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, பக்கத்து வீட்டுச் சிறுமி என்று அபிராமியைப் பேட்டிக்கு அழைத்தார்கள்.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டார். "பேய் ஊடுன்னு டி.வி.ல பேரு வந்துட்டா அப்புறம் எவனுங்க குடி வருவான்? அப்படிப் பேரு வந்தா மருதம்மா காலி பண்ணிக்கட்டும்."

தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் அறை தருவதில்லை. அத்தைக்கு இரண்டு மாதம் அலைந்து கிடைத்த அறை அது.

"நான் போய் உள்ளதைச் சொல்லிட்டு வர்றேன் அத்தை" என்றாள் அபிராமி.

திருப்பூர் பல்லடம் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு மில்லில் படப்பிடிப்பு. பனியன் வேஸ்ட் துணியை நூல் நூலாகப் பிரித்து, ஒட்டடை போலக் கூரையெங்கும் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று துளியும் இல்லை. நூல்கள் மட்டும் ஆடின.

முதலில் கைதட்டலை எடுத்தார்கள். அபிராமி இன்னும் மேடைக்கே போகவில்லை. ஐம்பது பேர் காலி நாற்காலியைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு ஒருவர் சைகை காட்ட, ஐம்பது பேரும் ஒன்றாகப் பயந்தார்கள். அவர்களில் அபிராமியின் அப்பா ராஜபாண்டியும் ஒருவர்.

"எதைப் பாத்துப்பா பயந்தீங்க?"

"தெரியல. பயப்படச் சொன்னாங்க."

தொகுப்பாளர் அழகாகச் சிரித்தார். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்ததும் அந்தச் சிரிப்பும் அணைந்தது. விளக்கு எரிந்தது. சிரிப்பும் எரிந்தது.

காதில் ஹெட்போன் மாட்டிய ஆள் வந்தார். "பாப்பா, முதல்ல உன் பயந்த முகத்தை எடுத்துக்கலாம்."

"இன்னும் என்னை ஒண்ணுமே கேக்கலையே?"

"கேள்வி அப்புறம். எது எங்க வேணுமோ அங்க வெட்டி ஒட்டிக்குவோம்."

அபிராமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வெட்டிய துணித் துண்டு ஒவ்வொன்றிலும் அவர் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஏழாம் நம்பர் உடல் துண்டுக்கு ஏழாம் நம்பர் கைத் துண்டைத்தான் தைக்க வேண்டும். மாற்றித் தைத்தால், துண்டுக்குத் துண்டு லேசாக வேறுபடும் சாய நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்பா, உங்க சட்டைப்பையில நம்பர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"வேணும்."

ஒன்றாம் நம்பரைக் காலரில் ஒட்டிக்கொண்டு, மீதியை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு ரூபாய் அளவு வட்டத்தில் பெரிய கறுப்பு எண்.

"என்ன பாப்பா அது?"

"எங்க ஊர்ல ஒட்டுறதுங்க."

"சரி, இருக்கட்டும். பனியன் ஊருன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும்" என்ற ஹெட்போன்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, உன் பின்னால யாரோ நிக்கறாங்க. திரும்பிப் பாரு."

திரும்பினாள். யாருமில்லை.

எதிரே ஒரு டி.வி. பெட்டி இருந்தது. அதற்குள் இன்னொரு அபிராமி, ஒரு நொடி தாமதமாகத் திரும்பினாள். அவள் முகம் வெளிறிப்போய் இருந்தது.

அதன் பிறகு கேள்விகள். "ஆறாவது படிக்கிறியா?" "ஆமா." அது இரண்டு. "இருட்டுன்னா பயமா?" "எல்லாருக்குந்தான்." அது மூன்று. ஒவ்வொரு கேள்விக்கும் புது நம்பரைப் பழையதன் மேல் ஒட்டினாள். யாரும் கவனிக்கவில்லை. நாற்காலியில் இருந்த அபிராமியை அங்கே யாருமே பார்க்கவில்லை. எல்லாரும் பெட்டிக்குள் இருந்தவளையே பார்த்தார்கள்.

நான்காவது கேள்வி, பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பது. அபிராமி நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகப் பதில் சொன்னாள். தொகுப்பாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். ஐந்தாவதாக வணக்கம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம் தெய்வாத்தாள் வீட்டு டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. மருதம்மாள் அத்தை மட்டும் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள்.

டி.வி.யில் நரி ஊளையிட்டது. திருப்பூரில் ஏது நரி?

"பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தால் பயமா?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

"ஆமா" என்றாள் பெட்டிக்குள் இருந்த அபிராமி.

"அங்கே யார் வருகிறார்கள்?"

பெட்டிக்குள் இருந்தவள் வெளிறிப்போய்த் திரும்பினாள். ஐம்பது பேர் பயந்தார்கள். அறையில் இருந்த எல்லாத் தலைகளும் மெதுவாக வாசற்படியை நோக்கித் திரும்பின. அத்தை ஓர் அடி பின்னால் போனாள்.

"டி.வி.யில என் காலரைப் பாருங்க" என்றாள் அபிராமி.

தெய்வாத்தாள் சொந்தக் கம்பெனியில் தைத்த பனியனில் பிழை தேடும் செக்கிங் மேசையைப் பார்த்துக்கொள்கிறவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் அருகே போனார்.

"மூணு... இதென்ன, மறுபடி ஒண்ணு? இப்ப ரெண்டு. திரும்பவும் ஒண்ணு." அவர் நிமிர்ந்தார். "ஏனுங்க மாஸ்டர், பண்டலை மாத்தித் தச்சிருக்கானுங்க."

"ஆமாங்க. எல்லாம் மாத்தித்தான் தச்சிருக்காங்க" என்றார் அப்பா.

ஐந்தாம் நம்பர் அபிராமி வணக்கம் சொன்னாள். நிகழ்ச்சி முடிந்தது.

தெய்வாத்தாள் டி.வி.யை அணைத்தார். "நாலாம் நம்பர் எங்க கண்ணு?"

"அதைப் போடலைங்க."

"நாலுல என்ன சொன்னே?"

அபிராமி அன்று போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத்தைக்குப் பகலெல்லாம் மெஷின் சத்தம். பேச முடியாது. பேச ஆளும் இல்ல. அதனால சாயங்காலம் ஊர்ல இருக்குற தங்கச்சிகிட்ட பேசுறாங்க. யாருமே அவங்கள வந்து கேக்கல. நான் மட்டும் கேட்டேன். அவ்வளவுதாங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சைகை காட்டவில்லை.

"ஏம்மா மருதம்மா, அங்க நின்னுட்டு என்ன பண்றே? உள்ள வா" என்றார் தெய்வாத்தாள். "ஊட்டைக் காலி பண்றதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பேசோணும்னா இங்க வா. எனக்கும் இந்தப் பொட்டியை உட்டாப் பேச்சுத்துணைக்கு ஆளில்ல."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் சாயங்காலமும் கரண்ட் போனது. அத்தை அபிராமி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அறை பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இரண்டு பேருடைய கைகளும் தட்டிலேயே நின்றன.

"எலி" என்றாள் அத்தை.

"எலிதான்" என்றாள் அபிராமி.

"டி.வி.க்காரங்க வந்து கேட்டா?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே அத்தை" என்றாள் அபிராமி. பிறகு தட்டோடு நகர்ந்து, அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.