சிட்டு ஊதிய பால்

அழைப்பு மையத்து வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் அவள். அன்று மதியம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, எரிந்து விழும் வாடிக்கையாளரின் குரலையும் தாண்டி வேறொரு சத்தம் கேட்டது. இருமல் இல்லை. இருமல்தான் அந்த வீட்டுக்குப் பழகிப்போயிற்றே. மாடியில் மாமனார் இழுத்து இழுத்து இருமுவதும், பக்கத்து அறையில் மாமியார் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமுவதும், சளியின் வாடையும் கிருமிநாசினியின் நெடியும் கலந்து படிக்கட்டில் இறங்கி வருவதும் எப்போதும் நடக்கிற சங்கதி. இது வேறு. யாரோ உதட்டைக் குவித்து, நிதானமாக, ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். மாமனாரின் கட்டிலில் அவளுடைய ஐந்து வயது மகள் சிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, பால் டம்ளரை அவர் முகத்தருகே பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"சுடுதும்மா. அதான் தாத்தாவுக்கு ஊதிக் குடுக்கறேன்."

பிள்ளையை அங்கே அனுப்பியதே அவர்கள்தான். பெரியவர்கள் இருவருக்கும் தொற்று உறுதியானதுமே கணவன் திட்டம் போட்டுவிட்டான். "நாம படுத்துட்டா யாரு பாக்கறது? சின்னப் பசங்கள இது ஒண்ணும் பண்ணாது. இவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லையே, இவளே கொண்டுபோய்க் குடுக்கட்டும்." சோதனைக்கு வந்த நர்சும், இருமுகிறவர்களுக்கு மட்டும்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சிட்டுவின் மூக்கில் யாரும் குச்சி விடவில்லை. எங்கள் வீட்டுக் குட்டி டாக்டர் என்று ஆளாளுக்குக் கொஞ்சியதுதான் மிச்சம்.

மாமனார் ஆம்புலன்சில் ஏறினார், திரும்பவில்லை. அந்த ஈரம் காய்வதற்குள் மாமியாரும் போனாள். மாடியில் அடங்கிய இருமல் கீழே, கணவனின் நெஞ்சில், தொடங்கியது. மூத்தவர், அவருக்கு இளையவள், அடுத்து இவன். யாரோ வயசு கேட்டு வரிசையில் நிறுத்தியதுபோல இருந்தது. அடுத்தது யார் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்று சிட்டுதான் கேட்டாள்.

"நீ எப்பம்மா இருமுவே?"

கன்னங்கள் கொழுகொழுவென்று இருந்தன. கண்ணில் துளி சோர்வில்லை. பெற்ற பிள்ளையென்றும் பாராமல் "போடி அந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டாள். சிட்டு அழவில்லை. தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "பிள்ளையையாவது காப்பாத்துவோம்டி. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க நம்ம அப்பாவும் துணையில்லாம சோர்ந்துபோய்க் கெடக்காரு, பேத்தியப் பாத்தா தெம்பாயிடுவாரு." இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருப்பது அந்த அப்பாவும் இந்தப் பிள்ளையும்தான். இரண்டு உயிரும் ஒரே கூரையின் கீழ் பத்திரமாக இருக்கட்டும். அக்காவின் காரில் ஏறிய சிட்டு, கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் வழியாகக் கையசைத்துவிட்டுப் போனாள்.

இவளுக்குக் காய்ச்சல் அன்றைக்கே வந்தது. தொண்டையில் முள் சிக்கியதுபோல் வலி. மறுநாள் அதே தொண்டையிலிருந்து குரல் சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் கணவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

மாமனார் வாசல்படியே தாண்டாதவர். மாமியாரும் அப்படித்தான். கணவனுக்கும் அவளுக்கும் வீட்டிலேயே வேலை. காய்கறியும் மருந்தும் வாசலுக்கே வந்தன.

வெளியே போய்வந்தது ஒரே ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்கு. திரும்பி வந்ததும் தாத்தாவின் மடியில் போய் ஏறிக்கொள்வாள்.

ஒரு தும்மல்கூட இல்லாதவள்.

அக்காவுக்குச் செய்தி அடித்தாள். 'சிட்டுவ அப்பாகிட்ட விடாதே. அவகிட்டதான் இருக்கு.'

பதில் உடனே வந்தது. 'காய்ச்சல்ல உளறாதே. பெத்த பொண்ணையே இப்படிச் சொல்ல எப்படி மனசு வருது உனக்கு? அவ ஜம்முனு இருக்கா.'

திரும்ப அடித்தாள். பதில் இல்லை. அக்கா கோபித்துக்கொண்டுவிட்டாள். இன்னொரு முறை. இல்லை.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அப்பா.

சாய்வு நாற்காலி. கழுத்தில் மப்ளர். நரைத்த தாடி. மடியில் சிட்டு.

"பேசாதம்மா, தொண்டைக்குக் கஷ்டம். பாரு, உம்பொண்ணு என்னை எப்படிக் கவனிச்சுக்கறான்னு!"

சிட்டுவின் கையில் பால் டம்ளர்.

ஊதினாள். நிதானமாக.

இறக்கி விடுங்கப்பா என்று அலறப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. இன்னும் பலமாக. இருமல். அப்பாவின் முகம் வாடியது. "ஐயோ, படுத்துக்கோம்மா, படுத்துக்கோ." டம்ளரை வாங்கி, மடக் மடக்கென்று குடித்து முடித்தார்.

சிட்டு போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரை முழுக்க அந்தக் கொழுத்த கன்னங்கள்.

"இந்தத் தாத்தா இன்னும் இருமவே இல்லம்மா."

உதட்டைக் குவித்தாள். ஊதினாள்.

திரையில் வெள்ளையாய் ஆவி படிந்தது. முகம் மறைந்தது. நாற்காலி மறைந்தது. விரல் ஒன்று வந்து மெல்ல வட்டம் போடத் தொடங்கியது.

வட்டம் முடிவதற்குள், அதற்குப் பின்னால், அப்பா இருமினார்.