தழை மேடு

குவியலின் அடியில் இருந்த தழைகள் பச்சையாக இருந்தன.

மேலே கிடந்தவை சருகுதான். ஆனி மாத வெயிலில் முறுகி, தொட்டால் பொடியாகும் வேம்பும் புங்கையும் ஆவாரையும். ஓவியா இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பின்னால் போட்டாள். உள்ளே போகப் போக இலைகள் நெகிழ்ந்துகொண்டே வந்தன. முழங்கை ஆழத்தைத் தாண்டியதும், அப்போதுதான் ஒடித்த கொப்பின் பச்சை வாடை கயலின் மூக்கில் ஏறியது. கயல் தாவரவியல் படித்தவள், வாழைத் திசு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒடித்த இலை எப்படிச் சாகும் என்று அவளுக்குத் தெரியும். அடியில் அமுங்கிக் கிடப்பதுதான் முதலில் மட்க வேண்டும்.

"ஓவி, போதும். எடுத்ததத் திரும்பப் போட்டுரலாம்."

"அடியில என்ன கல்லு இருக்குன்னு பாக்காம எப்படிக்கா? வர்றவுககிட்ட என்னத்தச் சொல்ல? இங்கன ஒரு குப்பை கெடக்கு, எல்லாரும் கும்பிட்டுக்கங்கன்னா?"

வருகிறவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். கல்லூரியில் வரலாறு படிக்கும் ஓவியா, ஊர்ப்புறத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நடைப்பயணம் என்று அறிவித்திருந்தாள். மலையேற்றம் எல்லாம் இல்லை. கண்மாய்க் கரையில் ஆரம்பித்து, இடிந்த கல் மண்டபம், ஒரு ஆலமரம், இந்தத் தழை மேடு, கடைசியில் தார் ரோட்டு டீக்கடை. முழுக்கச் சமதரை, செருப்புப் போட்டுக்கொண்டே நடக்கலாம். தேவாரம் ஊரில் பிறந்தவர் எவரும் அதைப் பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்ததில்லை. ஓவியா நினைத்தாள். வழியை ஒருமுறை நடந்து பார்க்கத் தங்கையைத் தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்காததால் கயலும் வந்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் ஓவியா பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது கயலுக்குப் பிடிக்கும். தனக்கு அப்படிப் பேச வராது.

அந்த வழியாக யார் போனாலும் நிற்பார்கள். வண்டியில் வந்தாலும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கு எட்டிய மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து மேட்டின் மேல் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வழித்துணைக்கு என்பார்கள். எந்தச் சாமி, அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பள்ளத்தாக்கு முழுக்கக் காற்று இரைந்துகொண்டிருந்தது. தென்னை மட்டைகள் ஒன்றையொன்று அறைந்தன, வாழை இலைகள் நார்நாராகக் கிழிந்து தொங்கின. மேட்டிலிருந்து மட்டும் ஒரு சருகுகூடப் பறக்கவில்லை. ஆடுகள் மேயும் தடத்தில் இவ்வளவு தழை கிடந்தும் ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை என்பதைக் கயல் அப்போதுதான் கவனித்தாள்.

அடியில் கல் இல்லை.

ஈரமான மண் இருந்தது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதக் குழிகள். விரல்களும் குதிகாலும் தெளிவாக, வெகுநேரம் அசையாமல் நின்ற ஒருவர் இப்போதுதான் விலகிப் போனது போல.

ஓவியா சிரித்துவிட்டாள். "சாமி எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருச்சு போலக்கா."

கயல் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிகளுக்குள் கால் வைத்து நின்றாள். "அளவெடுத்த மாதிரி இருக்கு பாரு. எடு, ஒரு போட்டோ எடு." ஒரு கையை உயர்த்தினாள். "பக்தையே, என்ன வரம் வேணும்?"

"ஒனக்கு வாய் குறையணும் தாயி."

"அது மட்டும் நடக்காது."

கயலும் சிரித்தாள். படம் எடுத்தாள். ஓவியா காலை எடுத்தபோது, சேற்றிலிருந்து உருவுவது போல ஒரு சத்தம் கேட்டது. அங்கே சேறு இல்லை.

ஒரு பாதித் தழையைத் திரும்ப அள்ளிப் போட்டுவிட்டு நடந்தார்கள். ஓவியா செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்க் கயல் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரம் மேட்டைத் தொடாத காற்று இப்போது அதைக் கலைத்துக்கொண்டிருந்தது. இலைகள் சுழன்று எழுந்து வாழைத் தோப்புக்குள் போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வெறும் தரையானது.

அவள் ஓவியாவிடம் சொல்லவில்லை.

திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே தடம் நேராகப் போனது. மருந்தடித்த கொடியின் புளித்த நெடி. எதிரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு சங்கிலியம்மாள் வந்தாள். அவர்கள் தெருக்காரி. ஓவியாவைக் கண்டால் வம்பிழுக்காமல் போக மாட்டாள்.

"என்ன கயலு, வாயத் தொறக்க மாட்ட, ஊரு சுத்த மட்டும் ஒத்தையில கெளம்பிட்டயா?"

"ஓவியா கூடத்தான் அத்தை வந்தேன்."

ஆடுகள் ஓவியாவுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, அவளைச் சுற்றி ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டு, பின்னால் சேர்ந்துகொண்டன. சங்கிலியம்மாள் செருப்பைக் கழற்றினாள். வேலியோர வேம்பில் ஒரு கொப்பை ஒடித்தாள். அதை ஓவியாவின் காலடியில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏ அத்தை! கிறுக்குப் பிடிச்சிருச்சா? என்னத் தெரியலையா?"

"நீயும் ஒண்ணு போடு ஆத்தா," என்றாள் சங்கிலியம்மாள், கயலைப் பார்த்து. "போடாமப் போகக் கூடாது." ஆடுகளின் பின்னால் போய்விட்டாள்.

"நம்மள வச்சு வெளையாடுது," என்றாள் ஓவியா. "நாளைக்கு வீட்டுக்கு வரட்டும், இருக்கு அதுக்கு."

ஆனால் அவள் குரல் தணிந்திருந்தது. கயல் கீழே பார்த்தாள். கடைசியாக வந்த குட்டி ஆடு அந்தக் கொப்பை முகர்ந்துவிட்டுத் துள்ளி விலகி ஓடியது.

அடுத்து ஒரு வண்டி வந்தது. புருஷனும் பொண்டாட்டியும். நின்றார்கள், இறங்கினார்கள். அந்தப் பெண் தழையைப் போட்டுவிட்டு, இடுப்பில் இருந்த குழந்தையின் தலையைப் பிடித்து ஓவியாவை நோக்கிக் குனிய வைத்தாள். ஓவியா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, என் மொகத்தப் பாருங்கக்கா." அந்தப் பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு, காற்று பலமாக இருக்கிறது என்று புருஷனிடம் சொன்னாள்.

வண்டி போனது.

கயல் தங்கையின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "வா. வேகமா நட. ரோட்டுக்குப் போயிரலாம்."

ரோடு தெரிந்தது. டீக்கடையின் நீலத் தார்ப்பாய், பாத்திரம் கழுவும் சத்தம், எண்ணெயில் வடை வேகும் வாசனை. கத்தினால் கேட்கும் தூரம்.

"அக்கா, மெதுவாப் போ."

"வாடி."

"கொஞ்சம் நிக்கிறேன்கா. நின்னாத் தேவலாம் போல இருக்கு."

நின்றுவிட்டாள். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து. கயல் கையைப் பிடித்து இழுத்தாள். தோள் வந்தது, இடுப்பு வந்தது, கால் வரவில்லை. குனிந்து பார்த்தாள். காய்ந்து வெடித்த தரை. அதில் ஓவியாவின் கால்விரல்கள் நகம் வரை புதைந்திருந்தன. அவற்றைச் சுற்றிலும் மண்ணில் ஈரம் கசிந்தது.

தசைப்பிடிப்பு என்று நினைத்தாள். உடம்பில் உப்பு குறைந்திருக்கும். தண்ணீர் கொடுத்தாள், ஓவியா குடித்தாள். கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டாள். தோல் குளிர்ந்திருந்தது. வெயிலில் நடந்து வந்த கால் இல்லை அது. கயல் தேய்ப்பதை நிறுத்தினாள். தனக்குத் தெரிந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன என்பது அவளுக்குப் புரிந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டாள். தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டம் போல, பேச்சுக்குரல்கள் கேட்டன.

"அப்பா, ஓவியாவால நடக்க முடியலப்பா. கால் வரலப்பா."

"என்னாச்சு புள்ளைக்கு? எங்கன இருக்கீக? கண்மாய்த் தடமா? இந்தா, கடைய அடைச்சிட்டு வர்றேன். ரெண்டு பேரும் அங்கனயே இருங்க."

ரெண்டு பேரும். கயல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு நினைவிருக்கிறது. அப்பா வந்தால் போதும்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போன வேலை ஜீப் ஒன்று ரோட்டிலிருந்து தடத்தில் திரும்பியது. அதன் இரைச்சல், டீசல் புகை, நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்களின் ஈர உடுப்பில் ஏலக்காய் மணம். உள்ளே யாரோ யாரையோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். ஜீப் நின்றது. சிரிப்பும் நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கொப்பு.

கயல் கைகளை விரித்து ஓவியாவின் முன்னால் நின்றாள். வாழ்நாளில் அந்நியரிடம் குரலை உயர்த்தாதவள் கத்தினாள்.

"போடாதீக! இது என் தங்கச்சி! உயிரோட இருக்கா, பாருங்க!"

முதலில் வந்த பெண் அவள் தோளை மெதுவாகத் தொட்டாள். "தள்ளி நில்லு மோளே. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

"இவ என் தங்கச்சி, அக்கா!"

"தங்கச்சியோ ஆத்தாவோ, நல்லபடியா நெனைச்சுக்கிட்டு நீயும் ஒண்ணு போடு."

விழுந்தன. முழங்கால் வரை. இடுப்பு வரை. அவர்கள் எறியவில்லை, பார்த்துப் பார்த்து, நோகாமல் வைத்தார்கள்.

"கண்ணுல படுதுக்கா," என்றாள் ஓவியா.

கயல் பிடுங்கினாள். இரண்டு கைகளாலும். பிடுங்கி எறிய எறிய, காற்று அவற்றைக் கொண்டுவந்து அங்கேயே சேர்த்தது. ஜீப் போனது. டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். வயலில் இருந்து திரும்பியவர்கள் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். யாரும் ஒரு கொப்பு வைக்க மறக்கவில்லை.

மார்பு வரை. கழுத்து வரை.

"ஓவி, பேசிக்கிட்டே இரு."

"ம்."

"ஏதாச்சும் பேசுடி. நிறுத்தாத."

"அப்பா வந்துருவாகல்லக்கா?" தழைக்குள்ளிருந்து வந்தது குரல்.

"வந்துருவாக. வந்துக்கிட்டே இருக்காக."

"அப்பாவுக்கு என்னத் தெரியும்லக்கா?"

கயல் பிடுங்கினாள். நகக்கண்ணில் ரத்தம். முள். இலை. இலைக்கு அடியில் இலை.

பிறகு குரல் வரவில்லை.

விளக்கு வெளிச்சம் ஒன்று தடத்தில் குதித்துக் குதித்து வந்தது. அப்பாவின் வண்டி. ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். சட்டையில் உரத்தின் வெள்ளைத் தூசி.

"ஓவியா! எங்கம்மா அவ? கயலு, எங்க என் பிள்ள?"

கயலுக்கு அழுகை பீறிட்டது. பெயரைச் சொல்கிறார். தெரிகிறது அவருக்கு. "இதுக்குள்ளப்பா! இதுக்குள்ள நிக்கிறாப்பா! எடுங்கப்பா!"

ஓடி வந்தார். இன்னும் பத்தடி. பிறகு அவர் ஓட்டம் நடையானது. நடை தயங்கியது. முகத்தில் இருந்த பதற்றம், ஒவ்வொரு சுருக்கமாக, விலகிப் போனது.

ஒரு காலால் மறுகாலின் செருப்பைக் கழற்றினார்.

"அப்பா."

சுற்றிலும் மரம் தேடினார்.

"அப்பா, வேணாம்ப்பா. அப்பா. நம்ம ஓவிப்பா."

புங்கையில் ஒரு கொப்பை ஒடித்தார். நல்ல தளிராகப் பார்த்து ஒடித்தார். மேட்டின் உச்சியில் வைத்தார். கண்களை மூடிக் கைகூப்பினார்.

"எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ள. அவள நல்லா வச்சிரு தாயி."

தழை அசைந்தது. காற்றில் இல்லை. உள்ளிருந்து ஒரு கை வந்தது. சிராய்த்த, பச்சைச் சாறு படிந்த கை. தடவித் தடவி அப்பாவின் சட்டை நுனியைக் கண்டுபிடித்து இறுகப் பற்றிக்கொண்டது.

அப்பா திரும்பினார். சட்டை இழுபட்டது. குனிந்து, முள்ளில் மாட்டிய துணியை எடுப்பது போல, கிழியாமல், ஒவ்வொரு விரலாக விடுவித்தார்.

"ஏறும்மா கயலு," என்றார், வண்டியை நிமிர்த்திக்கொண்டே. "அம்மா தேடும்."

விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. விரல்கள் காற்றில் திறந்து, மூடி, திறந்து, துணியைத் தேடின.