புறவழிச் சாலையில் நின்ற ரோலர்

"கைப்பிடியக் காணோம்! யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க!"

திங்கட்கிழமை காலை. கொட்டகைக்குள்ளிருந்து டிரைவர் தங்கராஜு போட்ட சத்தத்தில், சாலையோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் சுத்தியல்கள் நின்றன.

தீவு நகரமான ஜார்ஜ் டவுன் தெருக்களில் அந்த வருடம் நெரிசல் தாங்க முடியவில்லை. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் டிராமும் புதிதாக வந்த லாரிகளும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. துறைமுகச் சரக்கு ஊருக்குள் நுழையாமலே போகட்டும் என்று, தென்னந்தோப்புகளின் வழியாக ஒரு புறவழிச் சாலை போட ஆரம்பித்திருந்தார்கள். பரப்பிய கல்லை அழுத்திச் சமமாக்க இருந்தது ஒரே ஒரு நீராவி ரோலர். நீராவியைத் திறந்து மூடும் அதன் பித்தளைக் கைப்பிடிதான் இப்போது காணவில்லை. அது இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்று வெள்ளைக்கார இன்ஜினியர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலை எட்டு மணி. துப்பறியும் போலீஸ் சார்ஜன் ஷேக் அலாவுதீன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றார். பூட்டு உடையவில்லை. பலகைகள் பெயரவில்லை. கிழக்கு வெயில் உள்ளே நேராக விழுந்து, கரிய ரோலரின் மேல் ஒரு வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிந்தது. கைப்பிடி இருந்த தண்டில் யாரோ அதைச் சுற்றி, தூசி போகாமல் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்பேனர் அதன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது.

ஏறிப் போய் முடிச்சை அவிழ்த்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துண்டு. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. கஞ்சி வாசம் இன்னும் போகவில்லை.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் ஐயா," என்றார் தங்கராஜு. ஐம்பதைத் தாண்டியவர். கடற்கரைச் சாலையிலிருந்து மலையடிவாரம் வரை அவர் உருளை படாத தெரு இல்லை. "கதவத் திறந்தேன், மேல ஏறினேன், வழக்கம்போலக் கைய நீட்டினேன். துணிதான் தட்டுப்பட்டுச்சு. அப்பதான் போச்சுன்னு தெரிஞ்சுது."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு யூசுப்கிட்ட."

அடுப்புக்குக் கரி போடும் யூசுப் ஏற்கெனவே ஒரு கான்ஸ்டபிளின் பக்கத்தில் குந்தியிருந்தான். சனிக்கிழமையோடு அவன் வேலை முடிந்தது. கடலுக்கு அக்கரையிலுள்ள பிறை என்ற ஊரில், ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனைத் துரை பிடித்து வைக்கச் சொல்லிவிட்டார்.

"நேத்து எங்கே இருந்தே?"

"வீட்லதான் ஐயா."

"துரை மேல கோபமா?"

"எனக்கு என்னலா கோபம்."

"வேற யாரு எடுத்திருப்பா?"

யூசுப் தலையைக் குனிந்துகொண்டான். "என்னையே கொண்டுபோங்க ஐயா. யாரையும் கேக்காதீங்க."

குற்றவாளி இப்படிப் பேசுவதில்லை. அடுத்தவரைக் கை காட்டத்தான் பார்ப்பான். யாரையோ இவன் மறைக்கிறான் என்று சார்ஜனுக்குப் பட்டது. அதோடு, வேலையைக் கெடுக்க நினைத்தவன் ரோலருக்குத் தூசி படாமல் கட்டுப் போடுவானா?

வெளியே கல் குவியலுக்கு அருகில் நவமணி என்ற பெண் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக இரண்டு மூங்கில் நட்டு, சாலையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கட்டியிருந்தாள்.

"ஏம்மா அவ்வளவு தூரத்துல?"

"சனிக்கிழமை தூளி கட்டியிருந்த பக்கமா ரோலர் ஒதுங்கிருச்சுங்க. யூசுப் அண்ணன் கத்தினாரு, நின்னுருச்சு." குழந்தையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

சார்ஜன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். தண்டில் மறுபடி சுற்றி வைத்த துணி, இவ்வளவு தள்ளி நின்றும் கண்ணை உறுத்தியது. தங்கராஜுவின் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

காலை பத்து மணி. தோப்புக்குப் பின்னாலிருந்த தங்கராஜுவின் வீட்டுக் கொடியில், பச்சைக் கரை வேட்டி ஒன்று காய்ந்தது. ஒரு முனை கிழிந்திருந்தது. வாசலில் தங்கராஜுவின் மனைவி வடிவம்மாள், வெளியே போகும் புடவையில், கையில் கூடையோடு நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க அக்கா?"

"உங்ககிட்டத்தான் ஐயா." கூடையில் கீரைக்கு அடியிலிருந்து பித்தளைக் கைப்பிடியை எடுத்து நீட்டினாள். "யூசுப்பப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு இப்பதான் சொன்னாங்க. அவன் மேல பழி வரும்னு நான் நினைக்கலையே."

"நேத்து மத்தியானம் அவர் தூங்கும்போது சாவிய எடுத்தீங்க. எதுக்குன்னும் எனக்குத் தெரியும்," என்றார் சார்ஜன் மெதுவாக. "வெயில் அடிக்குது. வெள்ளைத் துணி வாசல்லேருந்தே தெரியுது. மேல ஏறி நின்னவருக்குக் கை பட்டபிறகுதான் தெரிஞ்சிருக்கு. எங்க யாருக்கும் அது உறைக்கல. இத்தனை நாளா யூசுப்தான் அவருக்குக் கண்ணா இருந்திருக்கான். இன்னியிலேருந்து அவனும் இல்ல."

வடிவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எவ்வளவோ கெஞ்சினேன். 'தெரியுது, தெரியுது'ன்னே சொல்வாரு. சோத்துல கல்லு கிடந்தாக்கூடத் தடவிப் பார்த்துத்தான் எடுப்பாரு. நவமணி புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அப்புறம் இவரு உயிரோட இருக்கமாட்டாரு ஐயா. துரைகிட்டப் போய் இவர் மானத்த நான் எப்படி விக்கிறது?"

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. தங்கராஜு வந்து நின்றார். காக்கிச் சட்டையோடு நேரெதிரே நின்ற சார்ஜனைப் பார்த்து, "யாரு, பக்கத்து வீட்டுத் தம்பியா?" என்றார்.

சார்ஜன் பூட்ஸ் சத்தம் கேட்க ஓரடி முன்னால் வந்தார். வந்திருப்பது யார், எதற்கு என்று தங்கராஜுவுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினார். வடிவம்மாள் கைப்பிடியை அதில் வைத்தாள். அதன் வளைவை விரலால் தடவினார்.

"திருடிப்புட்டியே வடிவு," என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஆமாங்க."

"நல்ல வேலை செஞ்சே." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். "ஐயா, யூசுப்ப விடச் சொல்லுங்க. துரைகிட்ட நானே சொல்றேன். என் வாயாலதான் சொல்லணும்."

சொன்னார். துரை முதலில் கத்தினார். நவமணியின் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சார்ஜன் வழக்கு எழுதவில்லை. பிறை வேலையை விட்டுவிட்டு யூசுப் ரோலரில் ஏறினான். உடைத்த கல்லைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை தங்கராஜுவுக்குக் கிடைத்தது.

மழைக்காலம் முடிந்து சாலை திறந்தபோது சார்ஜன் அங்கே காவலுக்கு நின்றார். லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஓரமாக, வடிவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கராஜு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலால் தார்ச் சாலையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சாலையைக் கடக்க இறங்கியவர், நட்ட நடுவில் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு பள்ளம் இருக்குலா. யூசுப் அவசரப்பட்டுட்டான்."

"ஊரே நல்லாயிருக்குங்குது. வாங்களேன், லாரி வருது!"

"இரு, இன்னொரு தடவ பார்க்கிறேன்."

சார்ஜன் சாலைக்குள் இறங்கிக் கையை உயர்த்தினார். ஒரு லாரி நின்றது, பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள். நெரிசலே கூடாதென்று போட்ட சாலையில் முதல் நெரிசல் நீண்டுகொண்டே போனது. ஹாரன்கள் அலறின. தங்கராஜு காலால் தடவிப் பார்த்து முடிக்கும்வரை சார்ஜன் கையை இறக்கவில்லை.